பலகையில் தாள் படியும் கலை

சுவரை அழகுபடுத்த ஓவியம் தீட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை; இழைத்து மட்டமாக்கிய ஒரு மரப்பலகையின் மேல் அழகிய அச்சுத் தாளை ஒட்டி வார்னிஷ் பூசினால், மாட்டி வைக்கத்தக்க சித்திரம் ஒன்று கிடைத்துவிடுகிறது. ‘டெகுபாஜ்’ என்னும் பிரெஞ்சுப் பெயரால் அறியப்படும் இக்கலை, அச்சிட்ட உருவங்களைக் கத்தரித்து ஒரு பரப்பின் மேல் ஒட்டி, தாளின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாத அளவுக்கு மேலே பூச்சு மேல் பூச்சாக ஏற்றுவதைக் குறிக்கும். உருவங்களைக் கத்தரிக்காமல் முழுத் தாளையும் பலகை மறையும்படி ஒட்டிவிடுவது இதன் எளிய வடிவம். புதிதாகத் தொடங்குவோருக்கு ஏற்றதும் அதுவே.

சீனத்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்திறங்கிய அரக்குப் பூச்சுப் பொருள்களின் மேல் 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியச் செல்வர்களுக்குப் பெரும் மோகம் இருந்தது. அவற்றின் விலையை எட்ட முடியாதவர்களுக்காக வெனிஸ் நகரப் பட்டறைகள், அச்சுப் படங்களைக் கத்தரித்து, வண்ணமேற்றி, மரச்சாமான்களில் ஒட்டி, மேலே மரப்பிசின் வார்னிஷைப் பலமுறை பூசி விற்றன. ‘ஏழையின் அரக்கு’ என்ற பொருளில் இத்தாலியர் அதை ‘லாக்கா போவெரா’ என்றனர். அண்டை ஊரான பசானோவில் ரெமோன்தினி அச்சகம் இதற்கென்றே படத்தாள்களை அச்சிட்டுக் கொடுத்தது. லண்டனில் ராபர்ட் சேயர் வெளியிட்ட ‘தி லேடீஸ் அம்யூஸ்மென்ட்’ என்ற நூலோ, 200 செப்புத் தகடுகளில் 1,500-க்கும் மேற்பட்ட உருவங்கள் உண்டு என்று தன் தலைப்புப் பக்கத்திலேயே விளம்பரம் செய்துகொண்டது. கத்தரிப்பதற்கென்றே வெளிவந்த நூல் முழுப்படியாக எஞ்சுவது அரிதுதானே!

பலகையின் மேல் வேறொரு பொருளை ஒட்டிச் சித்திரம் ஆக்குவது தமிழருக்குப் புதிதன்று. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் முதலில் துணியை ஒட்டி, அதன் மேல் சுண்ணாம்புத் தூளும் பசையும் குழைத்த பூச்சைத் தடவித் தேய்த்து மெருகேற்றிய பின்னரே கோடு வரையத் தொடங்குவார்கள். ஈரம் ஏறும்போது விரிந்தும் இறங்கும்போது சுருங்கியும் மரம் ஓயாது அசைகிறது. அந்த அசைவு நேரே ஓவியத்தைத் தாக்காதபடி இடையில் நின்று தாங்குவதும் அத்துணியின் வேலைகளுள் ஒன்று. தாள் ஒட்டும் கலையிலும் தீர்க்க வேண்டிய சிக்கல் இதுவேயாகும். சுருக்கம், கொப்புளம், பலகை வளைவு என்று தொடங்குவோரைச் சலிப்படையச் செய்யும் குறைகள் பெரும்பாலும் ஈரத்தைப் புரிந்துகொள்ளாமையால் வருபவை. தாளின் விலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை.

மரம் நார் ஓடும் திசையில் அநேகமாக நீள்வதில்லை, அதற்குக் குறுக்கேதான் விரிகிறது. ஆகவே ஒற்றைத் துண்டு மரத்தைவிட, மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன் நார் மற்றதற்குக் குறுக்காக அமையும்படி அடுக்கி ஒட்டிய பிளைவுட் பலகை இவ்வேலைக்கு நம்பகமானது. ஓர் அடுக்கின் அசைவை அடுத்த அடுக்கு பிடித்து நிறுத்திவிடுகிறது. மரத்தை நாராக்கிப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை இதைவிட வழுவழுப்பானதாயினும், அறுத்த விளிம்பில் நீர் பட்டால் ஊதிப்போகும். அதைத் தேர்பவர்கள் விளிம்புகளுக்கு முதலில் பிரைமர் பூசிவிட வேண்டும். 12 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் ஓரடிச் சதுரச் சித்திரத்துக்குத் தாராளம். 120ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220-இல் முடித்துத் தேய்த்து, தூசியைத் துடைத்து, வெள்ளைப் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்தால், மெல்லிய தாளின் வழியே மரத்தின் பழுப்பு நிறம் தெரியாது.

தாளைப் பொறுத்தவரை தேர்வுக்குக் குறைவில்லை. பரிசுப் பொருள் சுற்றும் தாளே தொடக்கத்துக்குப் போதும். சற்று உயர்ந்ததை விரும்புவோருக்கு, நேபாள மலைப்புதர் ஒன்றின் பட்டையிலிருந்து செய்யும் லோக்தா தாளும், ராஜஸ்தானின் சாங்கானேரிலும் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத் தொழிற்கூடத்திலும் உருவாகும் கைத்தாள்களும் உண்டு. இவற்றுள் அழகில் தனித்து நிற்பது பளிங்குத் தாள்: கெட்டிப்படுத்திய நீரின் மேல் வண்ணத் துளிகளை மிதக்கவிட்டு, ஊசியாலும் சீப்பாலும் அலைக்கோலமிட்டு, தாளை ஒருமுறை மேலே படியவைத்து எடுப்பார்கள்; ஒருமுறை வந்த கோலம் மறுமுறை வருவதில்லை. துருக்கியர் ‘எப்ரு’ என்று போற்றும் இக்கலையை யுனெஸ்கோ 2014-இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட படத்தை மட்டும் சோதிக்காமல் ஒட்டக்கூடாது. அதன் மை நீர் பட்டதும் கசிந்து பரவக்கூடும்.

ஒட்டும் கட்டத்தில்தான் பொறுமை வேண்டும். ஈரம் பட்ட தாளும் மரத்தைப் போலவே விரியும்; விரிந்து முடிவதற்கு முன் பலகையில் வைத்தால், மீதி விரிவு போக இடமில்லாமல் சுருக்கமாக எழும்பும். எனவே வெள்ளைப் பசை மூன்று பங்குக்கு நீர் ஒரு பங்கு என்று கலந்து தாளின் பின்புறத்தில் தடவி, மூன்று நான்கு நிமிடம் ஊறவிட்டு, பலகையிலும் மெல்லிதாகப் பூசிய பிறகே தாளை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நீவிப் படியவைக்க வேண்டும். கொப்புளம் எஞ்சினால் காய்ந்தபின் பிளேடு நுனியால் சிறிதாகக் கீறி, ஊசியால் பசை செலுத்தி அழுத்தினால் அடங்கிவிடும். மைதாப் பசையைப் பயன்படுத்துவோர், புத்தகக் கட்டுநர் வழக்கப்படி, இராமபாணப் பூச்சி அண்டாதிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நச்சுப்பொருள் என்பதால் சிறுவர் உள்ள வீட்டில் வெள்ளைப் பசையே மேல்.

விளிம்பை முடிக்கும் முறை அறிந்தவர் சிலரே. தாளைப் பலகையின் அளவுக்குச் சரியாக வெட்ட முயல்வது வீண். சுற்றிலும் அரை அங்குலம் வெளியே நீட்டி ஒட்டி, நன்றாகக் காய்ந்தபின் 220ஆம் எண் உப்புத்தாளை விளிம்பின் மேல் சாய்வாக வைத்துக் கீழ்நோக்கி மட்டும் இழுத்தால், மிகுதித் தாள் கத்தியால் அறுத்ததுபோல் நேராக உதிர்ந்துவிடும். மேல்நோக்கித் தேய்த்தால் ஒட்டிய தாளும் பெயர்ந்து வரும்.

ஒட்டிய தாள் உலரும்போது சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கிறது. ஒருபுறம் மட்டும் ஒட்டிய மெல்லிய பலகை இதனால் வில்லாக வளையும். முதுகுப் புறத்திலும் ஏதேனும் ஒரு சாதாரணத் தாளை ஒட்டிவிட்டால் இரு இழுப்பும் சமமாகும். அதன்பின் நீரில் கரையும் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்ததாக, குறைந்தது மூன்று முறை பூசலாம். எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும் என்பதால் வெண்ணிறப் பின்னணியுள்ள தாளுக்கு அது ஒவ்வாது. ஒரே கோலத்தை மூன்று பலகைகளில் தொடர்ச்சியாக அமைப்பவர்கள், பலகைகளுக்கிடையே விடப்போகும் இடைவெளியின் அளவைத் தாளிலும் வெட்டிக் கழித்துவிட்டால், சுவரில் கோலம் சன்னலுக்கு அப்பால் தொடர்வது போலத் தோன்றும்.

மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும், நண்பகல் வெயில் நேரே விழும் இடத்திலும் இச்சித்திரத்தை மாட்டாதிருப்பது நல்லது. முதல் முயற்சிக்கு விலையுயர்ந்த கைத்தாளை வாங்க வேண்டாம். தச்சுப் பட்டறையில் கழித்துப்போட்ட பிளைவுட் துண்டையும் வீட்டில் கிடக்கும் பரிசுத் தாளையும் எடுத்துக்கொண்டு, தாள் எவ்வளவு விரிகிறது, பலகை எந்தப் பக்கம் வளைகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அடுத்த பலகைக்கு நல்ல தாள் வாங்குங்கள்.