பேசத் தெரியாத குழந்தையுடன் பேசுவது

அண்மையில் ஒரு கிராமத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கூடியிருந்த இடத்துக்கு நாம் சென்றிருந்தோம். ஏரி மதகைப் பழுது பார்ப்பது, தெரு விளக்கு, மேல்நிலைத் தொட்டியின் குழாய் என்று பல விஷயங்கள் விவாதிக்கப்பட்டன. ஊரில் கறவை மாடுகள் எத்தனை என்று ஒருவர் கேட்டபோது உடனே விடை கிடைத்தது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை என்று நாம் கேட்டோம். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "அது அங்கன்வாடி அம்மாவுக்குத்தான் தெரியுங்க" என்றார் தலைவர். அவர் சொன்னது உண்மையே. அந்த அம்மையாரின் பதிவேட்டில் பெயரும் பிறந்த தேதியும் எடையும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஆயினும் ஊர்ப் பொதுக் காரியங்களுள் ஒன்றாக அதை அங்கிருந்த எவரும் கருதியதில்லை. பிள்ளை வளர்ப்பு வீட்டுப் பெண்களின் வேலை என்று ஆண்மக்கள் ஒதுங்கி நிற்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தினால் என்ன நஷ்டம் நேருகிறது என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

குழந்தையின் வயிறு நிரம்ப வேண்டும் என்று எந்தத் தாய்க்கும் எவரும் போதிக்க வேண்டியதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் ஊட்டுவது, ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும், தண்ணீர்கூட, கொடாதிருப்பது, அதன் பின் மசித்த உணவைத் தொடங்கி இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடர்வது ஆகியவற்றைக் கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் வீடுதோறும் சொல்லி வருகின்றனர். சேனை என்று சொல்லிப் பிறந்த குழந்தையின் நாவில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ வைக்கும் பழக்கம் மட்டும் சில வீடுகளில் இன்னும் நிற்கவில்லை. ஒரு வயதுக்குள் தேன் ஆபத்தானது. அதிலுள்ள ஒரு வகைக் கிருமியின் நஞ்சு பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும். பெரியவர்களை வருத்தப்படுத்தாமல், ஆனால் உறுதியாக, இதை மறுத்துவிட வேண்டும்.

உணவைப் பற்றி இவ்வளவு போதும். அதே அளவு அவசியமானதும், ஒரு காசும் செலவில்லாததும், ஆனால் நாம் அதிகம் கவனியாததுமான வேறொன்று உண்டு. பேசத் தெரியாத குழந்தையுடன் பேசுவதும், அது எழுப்பும் ஒலிக்கு மறுமொழி கூறுவதுமே அது.

இதன் காரணத்தைக் கூறுவோம். பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதனின் மூளை எடையில் ஏறக்குறையக் கால் பங்கு இருக்கும். இரண்டு வயது நிறையும்போது அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. வாழ்நாளில் வேறெந்தக் காலத்திலும் இத்துணை விரைவான வளர்ச்சி கிடையாது. மூளையின் நுண்ணிய செல்கள் மிகுதியாக ஒன்றோடொன்று தொடர்பு கொள்வதும் இக்காலத்தில்தான். அடிக்கடி உபயோகப்படும் தொடர்பு உறுதி பெறுகிறது. உபயோகப்படாதது நாளடைவில் கழிந்துவிடுகிறது. ஆள் நடக்கும் ஒற்றையடிப் பாதை தெளிவாகத் தெரிவதையும், நடவாத பாதையைப் புல் மூடிவிடுவதையும் குடியானவர்கள் நாள்தோறும் காண்கின்றனர் அல்லவா?

இரண்டு மாதக் குழந்தை "ங்கா" என்கிறது. தாய் முகத்தைத் திருப்பி, "என்னடா கண்ணு, யாரைக் கூப்பிடறே?" என்கிறாள். குழந்தை அவளுடைய வாயைக் கூர்ந்து பார்க்கிறது. சற்று நேரம் சும்மா இருந்து மறுபடியும் "ங்கா" என்கிறது. பார்ப்பவருக்கு இது விளையாட்டாகத் தோன்றும். குழந்தையோ, நான் ஒலித்தால் ஒருவர் கவனிக்கிறார், எனக்கு ஒரு முறை அவருக்கு ஒரு முறை என்று பேச்சின் இலக்கணத்தையே கற்றுக்கொண்டிருக்கிறது. சொற்கள் பின்னால் வந்து அந்த இடத்தில் அமர்கின்றன. குளிப்பாட்டும்போது காது, மூக்கு, கால் என்று தொட்டுச் சொல்லலாம். சோறு வடிக்கும்போது, "ஆவி வருது பாரு, சூடு" எனலாம். மாட்டுக்கு வைக்கோல் போடச் செல்லும் தகப்பனார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாட்டின் கழுத்து மணியைக் காட்டலாம். இதற்கெனத் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. செய்கிற வேலையைச் சொல்லிக்கொண்டே செய்தால் போதும்.

முன்பு கூட்டுக் குடும்பத்தில் இது தானாகவே நடைபெற்றது. வயல் வேலைக்குச் செல்லும் தாய் வேப்ப மரக் கிளையில் தூளி கட்டிக் குழந்தையை விட்டுச் செல்வாள். காவலுக்கு ஒரு பாட்டி இருப்பாள். பாட்டி வாய் ஓயாள். இன்று அந்தத் தூளியின் அருகில் கைபேசி இருக்கிறது. கைபேசி அழுகையை உடனே நிறுத்துகிறது என்பதை நாம் மறுக்கவில்லை. காலை முதல் களை பறித்துக் களைத்து வந்தவர் அதைக் கையில் கொடுத்துவிட்டு உலை வைத்தால் அவரைக் குறை கூறவும் மனம் வரவில்லை. ஆனால் அப்பெட்டி குழந்தையின் ஒலிக்கு விடை கூறுவதில்லை. ஒரு வயது வரை திரைக் காட்சி அறவே கூடாது, அடுத்த ஓராண்டும் தவிர்ப்பதே நல்லது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் அறிவித்துள்ளது. அதே அடுப்படியில் ஒரு தட்டும் கரண்டியும் கொடுத்துத் தட்டச் சொன்னாலும் குழந்தை கால் மணி நேரம் அடங்கியிருக்கும். சத்தத்தை மட்டும் நாம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெறும் பேச்சினாலும் விளையாட்டினாலும் என்ன வந்துவிடும் என்று ஐயுறுவோர் உண்டு. அவர்களுக்காக ஓர் அயல்நாட்டுச் செய்தியைக் கூறுகிறோம். கரும்பு பயிரிடும் ஜமைக்காத் தீவின் கிங்ஸ்டன் நகரில், 1986-ஆம் ஆண்டு தொடங்கி, வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றிப்போன 129 ஏழைக் குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடைபெற்றது. அவர்கள் ஒன்பது மாதம் முதல் இரண்டு வயது வரையிலானோர். சில குழந்தைகளுக்குச் சத்துணவு மட்டும் அளிக்கப்பட்டது. வேறு சிலருடைய வீட்டுக்குச் சுகாதாரப் பணிப்பெண் வாரம் ஒரு முறை சென்று, ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் அமர்ந்து, வீட்டிலேயே செய்த விளையாட்டுச் சாமான்களைக் கொண்டு எப்படிப் பேசி விளையாடுவது என்று காட்டினார். மற்றும் சிலருக்கு இரண்டும் கிடைத்தன, எஞ்சியோருக்கு இரண்டுமில்லை. இவ்வாறு இரண்டு ஆண்டுகள் நடந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அவர்களைத் தேடிப் பார்த்தபோது, விளையாட்டுப் பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைக் காட்டிலும் 25 சதவிகிதம் அதிகம் சம்பாதித்து வந்தனர். இம்முடிவு 2014-இல் வெளியிடப்பட்டது. சத்துணவு வேண்டாம் என்று இதற்குப் பொருளன்று. சத்துணவு மட்டும் போதாது என்பதே பொருள்.

விளையாட்டுச் சாமான்களுக்கு நம் கிராமங்களில் பஞ்சமில்லை. கொட்டாங்கச்சி, மரச் சொப்பு, பனையோலைக் கிலுகிலுப்பை, துணிப் பந்து ஆகியவை எவ்விதத்திலும் கடைச் சாமான்களுக்குக் குறைந்தவை அல்ல. புளியங்கொட்டை, பாசிமணி, வேர்க்கடலை போன்றவை மட்டும் சிறு குழந்தையின் கைக்கு எட்டலாகாது. தொண்டையில் சிக்கினால் மூச்சு நின்றுவிடும். இங்கே நடைவண்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தச்சர் செய்து தரும் மூன்று சக்கர மர வண்டியைக் குழந்தை தானே நின்று பிடித்துத் தள்ளுகிறது. தன் காலால் தன் பாரத்தைத் தாங்குகிறது. பெரியவர் ஒருவர் அருகில் இருந்தால் அது நல்ல சாமான். உட்கார வைத்து உருட்டும் பிளாஸ்டிக் வண்டி அத்தகையதன்று. அது நடை பழகுவதைத் தாமதப்படுத்துவதோடு, படியிலும் அடுப்பிலும் கொண்டுபோய் மோதவும் செய்கிறது. கனடா நாட்டில் 2004 முதல் அதன் விற்பனையே தடை செய்யப்பட்டுள்ளது. இவ்விஷயத்தில் நம் தச்சரின் பக்கமே நாம் நிற்கிறோம்.

குழந்தை சரியாக வளர்கிறதா என்று அறிவது எப்படி? இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்கும். நான்கு மாதத்துக்குள் தலை நிற்கும். எட்டு மாத அளவில் பிடிமானமின்றி உட்காரும். ஒரு வயதையொட்டி எழுந்து நிற்கும். பெரும்பாலான குழந்தைகள் பதினைந்து மாதத்துக்குள்ளும், சில பதினெட்டு மாதத்துக்குள்ளும் நடக்கும். ஒரு வயதுக்குப் பின் "அம்மா", "தா" என்று ஓரிரு சொற்களும், இரண்டு வயதில் "பால் தா" என இரு சொல் சேர்ந்த பேச்சும் வரவேண்டும். குழந்தைக்குக் குழந்தை சில வாரங்கள் முன்பின் ஆவது இயல்பே. அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம். ஆனால் பெயர் சொல்லி அழைத்தும் திரும்பாமை, கண்ணோடு கண் பாராமை, வந்த பேச்சு நின்றுபோதல், பதினெட்டு மாதமாகியும் நடவாமை ஆகியவற்றைக் கண்டால் ஒரு வாரமும் காத்திருக்கலாகாது.

நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. அதைச் சமர்த்துப் பிள்ளை என்று ஊரார் புகழ்ந்தனர். திருவிழா மேளம் வாசலில் முழங்கினாலும் விழிக்காமல் உறங்கும். ஒன்பது மாதத்தில் தாய்க்கு ஐயம் எழுந்தது. "இவங்க அப்பனே நாலு வயசுலதான் பேசினான், நீ சும்மா இரு" என்று மாமியார் கூறிவிட்டார். அந்த அம்மாளிடம் வஞ்சனை இல்லை. தாம் கண்டதைச் சொன்னார். நான்கு வயது நெருங்கிய பிறகே பரிசோதனை நடந்தது. குழந்தைக்குப் பிறவியிலேயே காது கேட்கவில்லை. காதின் உட்பகுதியில் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சை நடந்து, இப்போது சிறுவன் பள்ளிக்குச் செல்கிறான். ஆனால் மற்றப் பிள்ளைகள் ஒரு வயதில் தொடங்கிய பேச்சை அவன் நான்கு வயதுக்கு மேல் தொடங்க வேண்டியதாயிற்று. இன்னமும் தட்டுத் தடுமாறியே பேசுகிறான். "எனக்கு அன்னைக்கே தெரிஞ்சதுங்க" என்று அந்தத் தாய் நம்மிடம் இரண்டு முறை கூறினாள். பிறந்த ஒரு மாதத்துக்குள் காதைப் பரிசோதித்து, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவதே மருத்துவர்கள் வகுத்துள்ள முறை. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்த குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம் காணப்படுவதால் அவர்கள் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இரு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கின்றனர். அவர்கள் வரும் நாளை முன்னதாகவே ஊருக்குத் தெரிவிப்பது பஞ்சாயத்தாரால் எளிதில் ஆகக்கூடியது.

இனி, அடம் பிடிக்கும் வயதைப் பற்றிச் சிறிது. ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை குழந்தை தரையில் விழுந்து புரள்வதும், கையில் கிடைத்ததை எறிவதும் எல்லா வீட்டிலும் உள்ளதே. தனக்கென்று ஒரு விருப்பம் உண்டு என்பதை அது அப்போதுதான் அறிகிறது. ஆனால் விருப்பத்தைச் சொல்லச் சொற்களும் இல்லை, பொறுத்திருக்க மூளைக்கு முதிர்ச்சியும் இல்லை. அடித்தால் அந்த முதிர்ச்சி வந்துவிடாது. பெரியவன் சிறியவனை அடிக்கலாம் என்ற பாடம் மட்டும் பதியும். பசியா, தூக்கமா என்று முதலில் பார்க்க வேண்டும். இரண்டுமில்லையெனில், ஆபத்தில்லாத இடத்தில் விட்டு, அருகிலேயே இருந்து, அமைதியானதும் எடுத்து அணைத்துக்கொள்ளலாம். "இல்லை" என்று சொன்ன பண்டத்தை அழுகைக்குப் பயந்து கொடுத்துவிடலாகாது. அப்பா மறுத்ததைப் பாட்டி முந்தானையில் முடிந்துவைத்துக் கொடுப்பதும் கூடாது. பின்னது நடைமுறையில் மிகக் கடினம் என்பதை நாமும் அறிவோம்.

பூச்சாண்டி வருகிறான், டாக்டர் ஊசி போட்டுவிடுவார் என்று அச்சுறுத்திச் சோறு ஊட்டும் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். மருத்துவரைக் கண்டு அலறும் குழந்தைக்குத் தடுப்பூசி போடுவதற்குள் செவிலியர் படும் பாட்டைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வர். இரண்டாவது குழந்தை பிறந்ததும் மூத்தது திடீரெனப் படுக்கையை நனைக்கும். மீண்டும் மழலை பேசும். இது குறும்பு அன்று, ஏக்கம். தகப்பனார் அந்நாட்களில் மூத்த குழந்தையைத் தம்முடன் வயலுக்கோ கடைத்தெருவுக்கோ அழைத்துச் சென்றாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கவை பல. 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் நாட்டில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று நம் கிராமங்களில் அது இல்லாத இடம் அரிது. கட்டடத்தின் கூரை, தண்ணீர், கழிப்பிடம் ஆகியவற்றைப் பார்ப்பதோடு, முற்றத்தில் ஒரு மணல் திட்டும் நிழலுக்கு ஒரு புங்கமரமும் அமைத்துத் தருவது அதிகச் செலவன்று. பொது வேலைத் தலங்களில் குழந்தைகளுக்கு நிழலும் காவலும் வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐவரோ மேலோ வேலைத் தலத்துக்கு வந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்திக் கூலி தரவேண்டும் என்று 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே விதி வகுக்கப்பட்டிருந்தது. நாம் பார்த்த பல இடங்களில் அதைக் கேட்டுப் பெற்றவர் இல்லை. எந்தத் திட்டத்தின் கீழ் வேலை நடந்தாலும், கதை சொல்லத் தெரிந்த ஒரு மூதாட்டியை அவ்விடத்தில் அமர்த்தலாம்.

விவசாயிகளுக்குத் தனியே ஒன்று. பூச்சி மருந்தைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வீட்டு மூலையில் வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தவழும் குழந்தைக்கு எல்லா பாட்டிலும் ஒன்றே. மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைத்துப் பூட்டி, சாவியை உயரத்தில் மாட்டுங்கள். கைப்பிடிச் சுவரில்லாத கிணறும், மூடியில்லாத தண்ணீர்த் தொட்டியும் அவ்வாறே. நடக்கத் தொடங்கிய குழந்தை மூழ்குவதற்கு ஒரு சாண் தண்ணீர் போதும். அது சத்தமும் போடாது. முன்னர்க் குறிப்பிட்ட கிராமத்தின் தலைவர் இதைக் கேட்டதும், தம் வீட்டுக் கொல்லையிலுள்ள தொட்டிக்கு அன்றே பலகை போட ஆள் அனுப்பினார். அங்கன்வாடிப் பதிவேட்டின்படி அந்த ஊரில் மூன்று வயதுக்கு உட்பட்டோர் நாற்பத்தொருவர். அடுத்த கிராம சபையில் அந்த எண்ணை வாசிப்பதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.