மெய்ப்பாடும் மனப்பயிற்சியும்

உள்ளத்தே தோன்றும் உணர்ச்சி உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலப்படுதலை மெய்ப்பாடு என்பர். தொல்காப்பியப் பொருளதிகாரம் இதற்கெனத் தனி இயலொன்று வகுத்து, நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளையும், அவை ஒவ்வொன்றும் நந்நான்கு நிலைக்களன்களிற் பிறத்தலையும் கூறுகின்றது. இக்கால உளநூலார் கண்ட முடிபுகளைத் தொல்காப்பியர் முன்னரே கண்டனர் என இவ்வியலைக் காட்டி உரைப்பாரும் உளர். அக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்கு அம்முடிபுகள் யாவை என்பதை முதற்கண் தெளிதல் வேண்டும்.

1. உணர்ச்சியும் உடம்பும்

அச்சம் தோன்றியபின் உடல் நடுங்குகின்றது என்பதே பொதுவழக்கு. அமெரிக்க அறிஞர் வில்லியம் சேம்சு 1884-இல் இம்முறையை மாற்றி, உடலிற் பிறக்கும் மாறுதலை நாம் உணர்தலே அச்சம் என்றார். டென்மார்க்கு நாட்டுக் கார்ல் லாங்கே 1885-இல் இதனையொத்த கொள்கையை வெளியிட்டார். வால்ட்டர் கேனன் 1927-இல் இதனை மறுத்தார். வெவ்வேறு உணர்ச்சிகளிலும் உள்ளுறுப்புக்களின் மாறுதல் பெரும்பாலும் ஒன்றாகவே இருத்தலும், அம்மாறுதல் மெல்ல நிகழ்தலும் அவர் காட்டிய தடைகளுட் சிலவாகும். பத்தொன்பது நாடுகளிற் செய்து 2022-இல் வெளியிடப்பெற்ற ஆய்வொன்று, முறுவலிப்பதுபோல் முகத்தை அமைத்துக்கொள்வார்க்கு உவகை சிறிதளவு மிகுதலைக் கண்டது. ஆகவே, உடம்பு உணர்ச்சியை ஓரளவு தூண்டும். முழுதும் ஆக்காது எனக் கொள்ளலாம்.

2. மனப்பயிற்சியும் வலிமையும்

இனி, உள்ளம் உடம்பை இயக்குமாற்றைக் காண்போம். யூ, கோல் என்னும் இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் நான்கு வாரம் சிறுவிரலை விசையுடன் அகற்றிப் பழகினர். மற்றொரு குழுவினர் அவ்வாறு செய்வதாக எண்ண மட்டுமே செய்தனர். முன்னவர் வலிமை 30 விழுக்காடும், பின்னவர் வலிமை 22 விழுக்காடும் மிக்கன. பயிற்சியே பெறாதார்க்கு மிகுதி 3.7 விழுக்காடே. எண்ணிப் பழகியோர் தசை பயிற்சியின்போது இயங்காதிருந்தமையின், இவ்வளர்ச்சி தசையினது அன்று; அதனை ஏவும் நரம்பு மண்டலத்தினது என்பது பெறப்படும். இகாய், சிட்டைன்ஃகாசு என்பார் 1961-இல் காட்டியதும் இதனோடு இயைகின்றது. உரக்கக் கூவிய நிலையிலும் அறிதுயில் நிலையிலும் மாந்தர் தம் வழக்கமான வலிமையின் மிக்க வலிமையை வெளிப்படுத்தினர். ஆற்றல் முன்னரே உளது. அதனைத் தடுக்கும் கட்டே தளர்கின்றது என்பது அவர்தம் கருத்து.

3. மனவுறுதியும் அதன் எல்லையும்

மார்க்கோராவும் அவர்தம் துணைவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், தொண்ணூறு நிமிடம் கடுமையான அறிவுப்பணி செய்தபின் மிதிவண்டிப் பொறி இயக்கியோர் சராசரி 640 நொடியில் ஓய்ந்தனர். அப்பணி செய்யாத நாளில் 754 நொடி தாங்கினர். நெஞ்சத்துடிப்பும் மூச்சும் இதற்குக் காரணமாகவில்லை. முயற்சி அரிதாகத் தோன்றியதே காரணம். எனினும், மனவுறுதி செலவிடுந்தொறும் குறையும் பொருள் போல்வது என 1998-இல் எழுந்த கொள்கையை, 2016-இல் பல ஆய்வுக்கூடங்கள் ஒருங்கே சோதித்தபோது அவ்விளைவு ஏறத்தாழக் காணப்படவில்லை. இத்துறையில் ஓர் ஆய்வையே சான்றாகக் கொள்ளுதல் தகாது என்பதற்கு இதுவே சான்று.

4. ஒப்புமையும் வேற்றுமையும்

இனி, முதலிற் கூறிய வினாவிற்கு வருவோம். உளநூல் உணர்ச்சி எவ்வாறு பிறக்கின்றது என வினவுகின்றது. மெய்ப்பாட்டியலோ, செய்யுளிற் பயிலும் உணர்ச்சி எவற்றைப் பற்றிப் பிறக்கும், எவ்வாறு புலப்படும் என வகுக்கின்றது. உடல் முந்தியதோ உள்ளம் முந்தியதோ என்னும் வினா ஆண்டு எழவே இல்லை. எழாத வினாவிற்கு விடை கண்டதாகக் கூறுதல் நூலுக்குப் பெருமை ஆகாது.

ஆயினும் ஒன்று கருதற்பாலது. அச்சத்தின் களன்களாகிய அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கும் புறத்தே உள்ளவை. பெருமிதத்திற்கோ கல்வி, தறுகண்மை, புகழ், கொடை என்பன களன்களாகும். இவை ஒருவன் தன்பால் வளர்த்துக்கொள்பவையும் அவற்றால் அடைபவையும் ஆம். புறப்பொருள் தாக்கப் பிறக்கும் உணர்ச்சியும், பயின்று பெற்ற தகுதியினின்று பிறக்கும் உணர்ச்சியும் ஒரே வைப்புமுறையில் அமைந்திருத்தலே மெய்ப்பாட்டியலின் தனிச்சிறப்பு. அறிவியலை முந்தியது என்னும் புகழுரையை விடுத்து, இவ்வைப்புமுறையின் காரணத்தை ஆராய்தலே தமிழாய்வார் கடன் என்பது எம் துணிபு.