அருவியும் மடுவும்

நுழையும்முன்

குறிஞ்சி நிலத்திற்குரிய நீர் அருவிநீரும் சுனைநீரும் என நம் இலக்கண நூலார் வகுத்துரைத்தனர். அந்நீரை நாடி மலையேறுவோர் இன்று பலர். அது எவ்வாறு வழி அமைத்துக்கொள்கிறது, எங்கே ஆழ்கிறது, எப்போது பெருகுகிறது என்பவற்றை அறிந்து செல்வோர் சிலரே. சேர்வராயன் மலையின் சிற்றருவிகளை முன்னிறுத்தி அவ்வறிவைத் தருகிறது இப்பாடம்.

மலையும் ஊர்களும்

சேலம் நகருக்கு வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இதன் உச்சி, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,300 அடி உயரமுடையது. ஏற்காடும், அதனைச் சூழ்ந்த மாரமங்கலம், நாகலூர் முதலிய ஊர்களும் இம்மலைமீது அமைந்தவை. காப்பித் தோட்டங்களுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் இடையே செல்லும் ஒற்றையடிப் பாதைகள், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் காலங்காலமாக நடந்து பழகியவை. ஒரு பகற்பொழுதில் நடந்து சென்று திரும்பத்தக்க ஓடைகளும் சிற்றருவிகளும் இம்மலையில் உண்டு. அவற்றுள் பலரும் அறிந்தது கிளியூர் அருவி. ஏற்காட்டு ஏரியிலிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவில், சுமார் 300 அடி உயரத்திலிருந்து அது வீழ்கிறது. மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழியும்போது அருவி பொலிவு பெறும். கோடையில் நூலிழையாய் மெலியும்.

பாறை கூறும் செய்தி

அருவியின் இயல்பை அறிய, முதலில் அதன் பாறையை அறிதல் வேண்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கும். அதனால் அத்தகைய நிலத்தில் குகைகள் தோன்றும்; ஓடைகள் மண்ணுக்குள் மறைந்து வேறோரிடத்தில் வெளிப்படும். ஆந்திரத்தின் அனந்தகிரி மலையிலுள்ள பொர்ரா குகைகள் இவ்வாறு உருவானவையே. கரைந்த சுண்ணாம்பு மீண்டும் படிந்து அணைபோல் வளர்வதும் உண்டு. குரோவாசியா நாட்டின் பிளிட்விச் ஏரிகளும் அருவிகளும் அதற்குச் சான்று.

சேர்வராயன் மலையின் பாறை இதற்கு மாறானது. சார்னோகைட்டு என்னும் கடும்பாறை அது. நீரில் எளிதில் கரையாது. எனவே நீர், பாறையின் வெடிப்புகளைத் தேடி அவற்றின் வழியே இறங்குகிறது. வெள்ளம் உருட்டிவரும் கற்களும் மணலுமே அதற்கு உளியாகின்றன. சுழலில் சிக்கிய கற்கள் ஓரிடத்திலேயே சுற்றிச்சுற்றிப் பாறையை உரல்போல் குடைகின்றன. அருவியின் அடியில் காணும் பள்ளங்கள் பல இவ்வாறு பிறந்தவை.

தெரியுமா?

சேலத்தின் அருகே, இம்மலையின் அடிவாரத்தில் வெண்ணிறமாய்த் தோன்றும் குன்றுகளைச் சுண்ணாம்புக் கரடு என்பர். அங்குக் கிடைப்பது சுண்ணாம்புக்கல் அன்று. மேக்னசைட்டு என்னும் வெள்ளைக்கல். உருக்காலை உலைகளின் உட்சுவருக்குரிய தீச்செங்கல் செய்ய அது பயன்படுகிறது.

மடு என்னும் சொல்

நீர்நிலைகளுக்குத் தமிழில் பெயர்கள் பல. மலையில் ஊறி நிற்பது சுனை. ஓடும் நீரில் ஆழ்ந்த இடம் மடு. ஆழம் என்னும் எச்சரிக்கை மடு என்ற பெயரிலேயே பொதிந்துள்ளது. கண்ணோ அவ்வெச்சரிக்கையைத் தருவதில்லை. ஒளிவிலகலால், நேர் மேலிருந்து நோக்கும்போது தெளிந்த நீரின் ஆழம் உண்மையில் முக்கால் பங்காகவே தோன்றும். நான்கு மீட்டர் மடு மூன்று மீட்டராய்த் தெரியும். கலங்கிய நீரிலோ அடியில் கிடக்கும் பாறையும் மரக்கிளையும் தெரியவே மாட்டா. ஆகவே அறியாத மடுவில் தலைகீழாகக் குதிப்பது உயிரைப் பணயம் வைப்பதாகும்.

அருவி நேராக விழும் இடம் மேலும் கொடியது. அங்கு நுரைத்த நீரில் காற்றுக்குமிழிகள் மிகுந்திருப்பதால் உடலை மிதக்கச் செய்யும் ஆற்றல் குறைகிறது. கீழ்நோக்கிச் சுழலும் நீரும் ஆளை உள்ளிழுக்கிறது. ஏரியில் நீந்தத் தெரிந்தவரும் அங்குத் தடுமாறுவர்.

நடையின் ஒழுங்கு

மலை உச்சியை நோக்கிய பயணத்தில் களைப்பு முதலில் வருகிறது, திரும்புதல் எளிதாகிறது. அருவிப் பயணம் அவ்வாறன்று. இறங்குவது முதலிலும், ஏறுவது களைத்த பின்னரும் அமைகின்றன. எனவே காலையிலேயே புறப்பட்டு, ஏறி வருதற்குரிய வலிமையையும் பொழுதையும் மிச்சம் வைத்தல் அறிவுடைமை. வழியறிந்த உள்ளூர் மக்களின் சொல்லைக் கேட்டலும், வனத்துறையினர் விதிக்கும் தடையை மதித்தலும் இன்றியமையாதவை. ஈரப்பாறையில் படர்ந்த பாசி வழுக்கும். அதன்மேல் கால் வைத்தலைத் தவிர்த்தல் வேண்டும்.

அருவியருகே வெயில் அடிக்கலாம். அதே வேளையில் மேல்மலையில் மழை பொழிந்துகொண்டிருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், இரைச்சல் மிகுதல் ஆகியன வெள்ளத்தின் முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடைமைகளை விட்டேனும் உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஒருவர் நீரில் சிக்கினால் மற்றவர் பின்னே குதித்தல் கூடாது. கயிறு, கழி, துணி என எட்டுவது எதுவோ அதனைக் கரையில் நின்றே நீட்டி, உதவிக்குக் குரல் கொடுப்பதே முறை. நண்பனைக் காக்கக் குதிப்பவரும் மூழ்க நேர்ந்தால் இழப்பு இரட்டிப்பாகும்.

அருவியின் வேர்

அருவி பாறையில் வெளிப்பட்டாலும் அதன் வேர் மேலே உள்ள மண்ணில்தான் இருக்கிறது. மரநிழலும் உதிர்ந்த சருகும் காக்கும் மண், மழைநீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறிது சிறிதாக ஓடைக்கு விடுகிறது. மரங்கள் அழிந்தால் மழைநாளில் வெள்ளமும் மறுநாள் வெறும்பாறையுமே மிஞ்சும். திருமணிமுத்தாறும் சரபங்காவும் இம்மலையில் பிறந்து சமவெளி வழியே காவிரியை அடைகின்றன. மடுவில் எறியப்படும் நெகிழிப்பையும் அவ்வாறே கீழிறங்கி, கீழுள்ள ஊர்களின் நீரைக் கெடுக்கும். அருவிக்குச் செல்வோர் அதன் ஆழத்திற்கு அஞ்சவும் அதன் தூய்மையைப் பேணவும் கற்றல் வேண்டும். அவ்விரண்டும் அறிந்தவர்க்கே மலைநடை இன்பம் தரும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நீர்நிலைகளைக் குறிக்க வழங்கும் பெயர்களைத் திரட்டி, அவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.

2. நீர்நிலைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை அறிவிப்புப் பலகையாக வடிவமைக்க.