பட்டனை அழுத்திய பிறகு

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். நடக்கிறவர்களுக்கு வழியிலுள்ள எட்டு லிங்கங்கள்தான் கணக்கு. ஏழாவதான குபேர லிங்கத்தைத் தாண்டியதும், "இன்னும் ஈசான்யம் ஒன்றுதான்" என்று காலுக்குத் தெம்பு வந்துவிடும்.

திரையின் முன் காத்திருக்கும்போதும் இப்படி ஒரு கணக்கு தெரிந்தால் தெம்பு வரும். இதே ஊரில் கார்த்திகை தீப தரிசனத்துக்கு ஆன்லைனிலும் டிக்கெட் எடுக்கிறோம். இப்படிப்பட்ட எந்தப் படிவத்திலும், பட்டனை அழுத்தியபின் திரை அசையாமல் நின்றால் மனம் பதறும்; கை மறுபடி அழுத்தும். ஒரே விண்ணப்பம் இரண்டு முறை சர்வருக்குப் போகும். அந்தப் பதற்றத்தைத் தணிக்கத்தான் திரையில் சுழலும் ‘லோடிங்’ வட்டம்.

அதை இயக்குவது ஜாவாஸ்கிரிப்ட் நிரல். படிவம் அனுப்பப்படும்போது பிரவுசர் ‘சப்மிட்’ என்ற நிகழ்வை எழுப்பும். அதைக் கேட்டதும் நிரல் மூன்று வேலை செய்யும்: பட்டனைச் செயலிழக்க வைக்கும், ‘சமர்ப்பி’ என்பதை ‘பதிவாகிறது’ என்று மாற்றும், வட்டத்தைக் காட்டும். வட்டத்துக்குப் படம்கூட வேண்டாம். வளையத்தின் ஒரு பக்கத்துக்கு மட்டும் வேறு நிறம் கொடுத்து, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மூலம் சுழலவிட்டால் போதும். பிறகு ‘ஃபெட்ச்’ என்ற கட்டளை படிவத் தகவலைச் சர்வருக்கு அனுப்பும். பதில் வந்தாலும் பிழை வந்தாலும் வட்டத்தை நீக்கும் வரியை, நிரலில் எப்படியும் கடைசியாக ஓடும் ‘ஃபைனலி’ பகுதியில் எழுத வேண்டும். இல்லையேல் நெட் துண்டிக்கப்பட்ட பிறகும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதோடு, இரட்டைப் பதிவைச் சர்வரும் தடுக்க வேண்டும். பட்டனை மட்டும் நம்பக் கூடாது.

எப்போது எதைக் காட்டுவது? பயன்பாட்டு வடிவமைப்பு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய அளவுகோல் இன்றும் உதவுகிறது. 0.1 வினாடிக்குள் பதில் வந்தால் உடனடி என்று தோன்றும். 1 வினாடி வரை சிந்தனை அறுபடாது. 10 வினாடிக்கு மேல் கவனம் வேறெங்கோ போய்விடும். ஆகவே ஒரு வினாடிக்குள் முடியும் வேலைக்கு வட்டம் தேவையில்லை. நீளும் வேலைக்கு எவ்வளவு முடிந்தது என்ற கணக்கு வேண்டும். அடையாள அட்டையை அப்லோட் செய்யும்போது, போய்ச் சேர்ந்த பைட்டுகளையும் மொத்த அளவையும் பிரவுசர் சொல்லும். அதைச் சதவீதமாகக் காட்டலாம். அளவு தெரியாத இடத்தில் பொய்ச் சதவீதம் காட்டக் கூடாது.

படிவம் செய்கிறவர்களே, வட்டத்தோடு ஒரு வரி தமிழும் எழுதுங்கள்: "பதிவாகிறது, பக்கத்தை மூட வேண்டாம்." திரைவாசிப்பான் அதைப் பார்வையற்றவருக்கும் படித்துக் காட்டும்படி அமையுங்கள். காத்திருப்பவருக்கு உண்மை நிலவரம் சொல்வது நம் கடமை.