கம்பம் பள்ளத்தாக்கு வாழையும் நானோ ஒளியியல் உயிரி உணரியும்

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் வாழை பெரிதும் பயிரிடப்படுகிறது. அதனைத் தாக்கும் முடிக்கொத்து நோய்க்கு மருந்தில்லை. வைரசைச் சுமந்த கன்று நடும்போது நலமாகவே தோன்றக்கூடும்; இலைகள் குறுகி உச்சியில் கொத்தாவதற்குள் அசுவினிகள் வைரசை அண்டை வாழைகளுக்கும் கடத்திவிடலாம். ஆகவே சோதனை நடவுக்கு முன்னரே நிகழவேண்டும்.

தங்க நானோ துகள்களைக் கொண்ட ஒளியியல் உயிரி உணரி இதற்கு ஏற்றது. ஏறத்தாழ 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் 520 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியை மிகுதியாக உட்கவர்வதால் கரைசல் சிவப்பாகத் தெரியும். துகள்களின்மேல் பிணைத்த எதிர்ப்பொருள்கள் வைரசைப் பற்றும்போது துகள்கள் நெருங்கித் திரண்டு, நிறம் நீலமாகிறது.

இடர்ப்பாடு வாழைச்சாற்றிலேயே உள்ளது. அதிலுள்ள உப்புகள் வைரசு இல்லாதபோதும் துகள்களைத் திரளச் செய்யக்கூடும். சாற்றை நீர்க்கச் செய்தாலோ வைரசின் செறிவும் குறையும். தூய கரைசலில் பெறும் நுண்ணுணர்வைக் காட்டிலும், நோயற்ற கன்றின் சாற்றோடு ஒப்பிட்டுப் பெறும் அளவீடே வயலுக்குப் பொருந்தும்.