கதியால் வேலி

யாழ்ப்பாணத்திலே வளவு என்பது வீடு நிற்கும் நிலம் மாத்திரமன்று. கிணறும், நாலு தென்னையும், ஆட்டுக் கொட்டிலும், அவற்றைச் சூழ்ந்து நிற்கும் வேலியும் சேர்ந்ததே வளவு. இவற்றுள் வேலியைக் காவல் என்று மட்டுமே நாம் எண்ணிவருகின்றோம். பசளையும், தீனியும், விறகும், ஒருவேளைக் கறியும் தருகின்ற ஒடுங்கிய தோட்டம் அது என்பதையே இன்று நேயர்களுக்கு எடுத்துக்கூற விரும்புகின்றேன்.

இதனை நாம் மறந்தபோதெல்லாம் காலம் நினைவூட்டியிருக்கின்றது. 1990ஆம் ஆண்டின் பின்னர் பொருளாதாரத் தடை நிலவிய நாள்களிலே யூரியாவும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியவாயின. பின்னர் 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலே தடை நீங்கியபோதிலும் உரத்தின் விலை ஏழை விவசாயிக்கு எட்டவில்லை. அடுத்த ஆண்டிலே சமையல் எரிவாயுவுக்கு மக்கள் வீதியிலே வரிசையாக நின்றனர். கதியால் வேலி உடையவர்கள் அவ்வேளையிலும் கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குச் சென்றனர். மதில் கட்டியவர்களுக்கு அவ்வாய்ப்பும் இல்லாமற்போயிற்று.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நான்கு பரப்பு வளவு சதுரமாக இருக்குமாயின் அதன் சுற்றளவு நானூறு அடிக்குச் சற்று மேற்படும். ஒன்றரை அடிக்கு ஒரு கதியாலாக நட்டால் ஏறக்குறைய 280 மரங்கள் நிற்கும். தோட்டத்துக்கென ஒதுக்கிய நிலத்தில் ஒரு முழமேனும் குறையாமல் இத்தனை மரங்களை வேறெங்கே வளர்க்கமுடியும்?

எந்த மரத்தை எங்கே நடுவது என்பதில் நம் முன்னோர் நுட்பமாக நடந்துகொண்டனர். கிளுவை வறட்சியைத் தாங்கும். ஆடு அதனை விரும்பியுண்ணும். பூவரசின் குழை தோட்டத்துக்குத் தாழ்க்கச் சிறந்தது. அதன் மரம் முற்றினால் தளவாடத்துக்கும் உதவும். ஊராடுகள் திரியும் ஒழுங்கைப் பக்கத்திலே ஆடாதோடையை நடுவது நன்று. ஆடு அதில் வாய் வைப்பதில்லை, வீட்டிலே இருமல் கண்டவர்க்கு அதன் இலை மருந்துமாகும். பின்னாளிலே வந்த சீமைக்கிளுவை, அதாவது கிளிசரியா, அவரையினத்தைச் சேர்ந்தது. அதன் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனை மரத்துக்கு உணவாக்குகின்றன. ஆதலால் அதன் இலையைப் புதைப்பது நைதரசன் பசளை இடுவதற்கு ஒப்பாகும். கதியால்களின்மேல் முசுட்டையும் தூதுவளையும் மொசுமொசுக்கையும் தாமாகவே படரும். முசுட்டையிலை வறையின் சுவையை அறிந்தவர்க்கு நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. அண்மையிலே என் வகுப்பு மாணவரிடம் கதியால் யாது என வினவியபோது பலர் விழித்தனர். அவர்கள் மதில்களுக்குள்ளே வளர்ந்த பிள்ளைகள்.

குழையை வெட்டி வெயிலிலே பரப்பிவிடுதல் நம்மவர் செய்யும் தவறு. உலருந்தோறும் அதன் சத்தில் ஒரு பகுதி காற்றோடு போய்விடும். வெட்டிய அன்றே பாத்தியருகிலே சாலெடுத்து, குழையை மிதித்து அமுக்கி, மண்ணால் மூடவேண்டும். இரண்டு மூன்று கிழமை கழிந்து, அது மக்கிய பின்னரே கன்று நடவேண்டும். வேலியை மாற்றி அடைக்கும்போது கழிகின்ற பழைய ஓலையையும் கிடுகையும் எரித்துவிடாது அவ்வாறே தாழ்க்கலாம்.

இவ்விடத்திலே கிணற்றைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியிலே பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கித் தேங்குவதே நமது குடிநீர். யூரியாவை அளவுக்கு மிஞ்சி இட்டு நீரிறைத்தால், பயிர் உண்டதுபோக எஞ்சியது நைத்திரேற்றாக மாறி அதே வழியால் கிணற்றை அடைகின்றது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்துத் தோட்ட நிலங்களை அடுத்த கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மிஞ்சியிருத்தலை ஆய்வுகள் காட்டியுள்ளன. புட்டிப்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கு இந்நீர் பெருந்தீங்கு செய்யும். மலகூடக் குழிகளும் இதற்குக் காரணமாகும் என்பது உண்மையே. எனினும் உரத்தின் ஒரு பகுதிக்கேனும் குழையை ஈடாக இடுவோமாயின், மெல்ல மக்குகின்ற அது பயிருக்கு வேண்டியதைச் சிறிது சிறிதாகவே கொடுக்கும்.

மதில் கட்டியவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆண்டுதோறும் வேலியடைக்க ஆள் கிடைப்பதில்லை. ஓலைக்கும் விலை ஏறிவிட்டது. போரின்போது அழிந்த பனைகளும் தென்னைகளும் ஒரு நாளிலே முளைத்துவிடா. கள்வர் பயமும் உண்டு. அத்தகையோர் மதிலுக்கு உட்புறமாக மூன்றடி தள்ளிச் சீமைக்கிளுவையை ஒரு வரிசையாக நடலாம். பூவரசு வேண்டாம், அதன் வேர் அத்திவாரத்தைப் பிளக்கும்.

நடுவதற்கு ஆவணிக் கடைசியும் புரட்டாசியும் ஏற்ற காலம். மணிக்கட்டளவு பருத்த, முற்றிய கொப்புகளை ஆறடி நீளத்தில் சரிவாக வெட்டி, ஓரடிக்குக் குறையாத குழியில் இறுக்கி நடவேண்டும். அடி நுனி மாறலாகாது. பட்டை உரிந்த கதியாலை ஒதுக்கிவிடவேண்டும். முதலாண்டிலே குழை வெட்டாது விடுக. ஆட்டுக்குச் சீமைக்கிளுவைக் குழையைச் சற்று வாடவிட்டு, வேறு தீனியோடு கலந்தே கொடுக்கவேண்டும்.

இன்னுமொன்று. கதியால் ஆண்டுக்கு ஓரங்குலம் நடந்து, அயலவர் இருவரை நீதிமன்றம்வரை அழைத்துச்சென்ற கதைகள் நம்மூரில் ஏராளம். ஆகையால் முதலிலே நில அளவையாளரைக் கொண்டு எல்லைக்கல்லை நாட்டி, அயலவர் முன்னிலையிலே கயிறு பிடித்து, அதன் பின்னரே அலவாங்கைக் கையிலெடுங்கள்.