பகலுணவு உண்டு, காலையில்?

ஜங்புராவில் பாராபுல்லா நாலா ஓரம் இருந்த மதராசி கேம்ப், கோர்ட் உத்தரவுப்படி 2025 ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கே நரேலாவில் மாற்று வீடு பெறத் தகுதி உண்டு என்று முடிவாயிற்று. மற்றவர்கள் வாடகைக்கு இடம் தேடி அலைந்தனர்.

வீடு போனதைப் பற்றிப் பலரும் பேசினர். பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியவர் குறைவு. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி கேம்ப்புக்கு அருகிலேயே இருந்தது. தாய்மார் பலருக்கு வீட்டு வேலையும் பக்கத்துத் தெருக்களில்தான். நரேலாவோ 40 கிலோ மீட்டருக்கு அப்பால்! அங்கிருந்து அதே பள்ளிக்கு வர வேண்டுமானால் இருட்டோடு பஸ் ஏற வேண்டும். அந்த நேரத்தில் எந்த வீட்டில் அடுப்பு எரியும்?

பள்ளியில் பகலுணவு எட்டாம் வகுப்பு வரைதான், அதுவும் நண்பகலில். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுவும் கிடையாது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று வாரம் முழுதும் போடுகிறது. அந்தச் சலுகை மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது.

கோயில் அன்னதானத்துக்குத் தாராளமாகக் கொடுப்பவர்கள் தலைநகர்த் தமிழர்கள். அதில் ஒரு பங்கு, முதல் மணி அடிக்குமுன் பள்ளியில் ஓர் அண்டா உப்புமாவுக்குப் போகலாம். சமைக்க ஆள் தேட வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் வாடகைக்குத் தங்கிவிட்ட கேம்ப் பெண்களுக்கே கூலி கொடுத்து அந்த வேலையைத் தரலாம்.